நண்டைப் புரட்டிப் பாருங்க மக்களே

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்ல அதைவிட அதிகம். இன்னைக்கு ஒரு நண்டுப் பதிவு. சைவ மக்கள் பயப்படாம உள்ளே வரலாம், சமையல் கடைசியில் ரெண்டே வரிதான் :-)

என் சித்தப்பா பையன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கான். அங்கே குளிர்காலத்தில் ஆத்துக்குப் போய் கிரேஃபிஷ் பிடிக்கிறது ஒரு பொழுதுபோக்கு. கிரேஃபிஷ்னா, கடல் சிங்கி இறாலுக்கு நல்ல தண்ணியில் இருக்கிற உறவுக்காரன்னு வச்சுக்கங்க. உடம்பு இறால் மாதிரி, முன்னாடி நண்டு மாதிரி ரெண்டு கொடுக்கு. அவன் அனுப்பின போட்டோவில் அந்த ஜந்துவைவிட என் கண்ணை இழுத்தது அவன் கையில் இருந்த பிளாஸ்டிக் அளவுகோல்தான். "டேய், நீ பிடிக்கப் போனியா, சட்டை தைக்கப் போனியா?"ன்னு கேட்டேன். பதிலுக்கு ஒரு பட்டியலையே அனுப்பிட்டான்.

மர்ரே கிரேஃபிஷ்னு அங்கே ஒரு இனம். அதைப் பிடிக்க வருஷத்தில் மூணே மாசம்தான் அனுமதி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அதுவும் குறிப்பிட்ட சில நீர்நிலைகளில் மட்டும். பொழுதுபோக்கா மீன் பிடிக்கிறதுக்கே முதல்ல அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு. கையிருப்பு மொத்தமா நாலைத் தாண்டக் கூடாது. கண்குழியிலிருந்து முதுகு ஓட்டோட பின்விளிம்பு வரைக்கும் அளந்தா 10 சென்டிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 12க்கு மேலே போகவும் கூடாது. சின்னதை விடச் சொல்றது புரியுது. பெரிசை எதுக்கு விடணும்? பெரிய தாய்தான் நிறைய முட்டை போடும், அதனால. கடைசியா ஒண்ணு: பிடிச்சதைப் புரட்டிப் பார்க்கணும். வாலுக்கடியில் முட்டை இருந்தா அப்பவே தண்ணியில் விட்டுடணும்.

இந்தக் கடைசி விதியைப் படிச்சதும் எனக்கு எங்க ஊர் கழனி ஞாபகம் வந்துடுச்சு. கொசுவத்தி சுத்தப் போறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

இந்தியாவில் இயற்கையா கிரேஃபிஷ் கிடையாது. ஆப்பிரிக்காவின் பெருநிலத்திலும் கிடையாது, பக்கத்திலேயே இருக்கிற மடகாஸ்கர் தீவில் உண்டு. நம்ம ஊர்ல அந்த உத்தியோகத்தைப் பார்க்கிறவர் வயல் நண்டுதான். சேத்தைக் கிளறுறது, செத்ததையும் அழுகினதையும் தின்னு தண்ணியைச் சுத்தமா வைக்கிறது, கொக்குக்கும் நாரைக்கும் கீரிப்பிள்ளைக்கும் தீனியாவறது, எல்லாம் அவர் வேலை. தென்னிந்திய வயல்களில் பரவலா இருக்கிற ஒரு இனத்துக்கு ஓசியோதெல்ஃபூசா செனெக்ஸ்னு பேர். 1798ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் வச்சது. செனெக்ஸ்னா லத்தீன் மொழியில் கிழவன். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இந்தக் கிழவனை வச்சு எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணி பட்டம் வாங்கியிருக்காங்க. அதில் பூச்சிமருந்து இதை என்ன பண்ணுதுங்கிற ஆராய்ச்சியும் நிறைய.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கு. ஏரிப்பாசனம். ஐப்பசி மழையில் ஏரி பாதி ரொம்பினாலே வாய்க்காலில் தண்ணி ஓடும், கழனியில் சேடை ஓட்டுவாங்க, நண்டுக் காலம் ஆரம்பிச்சுடும். கோடை முழுக்க வளை வாயை மண்ணால் அடைச்சுக்கிட்டு அடியில் ஈரத்தோட கிடந்ததெல்லாம் மேலே வரும். விழுப்புரம் மார்க்கெட்டில் வாங்குற மரக்காணம், கடலூர் கடல் நண்டு எங்களுக்கு விருந்தாளி வந்தாத்தான். வயல் நண்டு சளி பிடிச்சா, காசு இல்லைன்னா, சும்மா பொழுது போகலைன்னா.

வளையைப் படிக்கிறதுதான் முதல் பாடம். வளை வாயில் சின்னச் சின்ன உருண்டையா புது மண் ஈரமா கிடந்தா ஆள் உள்ளே இருக்கார். உருண்டை காஞ்சு வெளுத்துப் போயிருந்தா வீடு காலி. வாய் வழவழன்னு இருந்து உருண்டையே இல்லைன்னா கையை விடாதே, உள்ளே வேற ஆள் குடி வந்திருப்பார் (புஸ்ஸுன்னு சத்தம் போடுற ஆள்). முனை வளைச்ச கம்பியை விட்டு மெதுவா நெம்பினா கொடுக்கால் பிடிச்சுக்கிட்டே வெளியே வரும். வந்ததும் முதுகுப் பக்கமா ரெண்டு விரலால் அமுக்கிப் பிடிக்கணும். முன்பக்கமா கையைக் கொண்டுபோனா நண்டு நம்மளைப் பிடிச்சுக்கும் :-)

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்க ஏரிக்கரை ஓரத்தில் இருந்த இருளர் குடும்பங்களில் ஒருத்தர். எங்க தெருவில் பொடிப் பசங்களே அவரைப் பேர் சொல்லி, வா போன்னு கூப்பிடுவாங்க. எங்க ஆயா மட்டும் "உங்கப்பன் வயசுடா, அண்ணேன்னு கூப்பிடு"ன்னு சொல்லி வச்சிருந்துச்சு. அப்பன் வயசுக்காரர் எப்படி அண்ணன் ஆவார்னு நான் கேட்டுக்கலை.

முதல் நண்டை நான் எடுத்ததும் அவர் சொன்னது இது.

"தம்பி, கூடையில போடாத. முதல்ல புரட்டு. வயித்தப் பாரு. ஒல்லியா முக்கோணமா இருந்தா ஆணு. அகலமா மடி மாதிரி இருந்தா பொண்ணு. மடிய லேசா நெம்பிப் பாரு. உள்ள முட்டையோ குஞ்சோ இருந்தா எடுத்த வளையிலயே விட்டுடு."

"ஏண்ணே, நாம விட்டா வேற யாராச்சும் வந்து புடிச்சுக்குவாங்களே?"

"புடிச்சா அவனும் புரட்டிப் பாப்பான்ல?"

அவ்வளவுதான். அபராதம் கிடையாது, ரசீது கிடையாது, அளவுகோல் கிடையாது. அடுத்தவனும் புரட்டிப் பார்ப்பான்ங்கிற நம்பிக்கை மேலே நின்ன சட்டம் அது. ஆஸ்திரேலியாவில் அச்சடிச்சு ஒட்டியிருக்கிற அதே விதி, எங்க ஏரிக்கரையில் வாய்ச்சொல்லா இருந்தது.

இந்த விதி எவ்வளவு முக்கியம்னு பின்னாடி படிச்சப்போதான் புரிஞ்சது. கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டை போடும். பொரிச்சு வர்றது நண்டு உருவத்திலேயே இருக்காது, கண்ணுக்குத் தெரியாத சைஸில் கடலில் மிதந்து, பல தடவை உருவம் மாறி, பொழைச்சது நண்டாகும். நன்னீர் நண்டுக்கு அந்த மிதக்கிற பருவமே கிடையாது. சில நூறு முட்டைதான், ஒவ்வொண்ணும் பெரிசு. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிஞ்சு, பொரிக்கும்போதே குட்டி நண்டாத்தான் வெளியே வரும். வந்ததும் போயிடாது. அம்மாவோட மடியிலேயே கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆக, மடி நிறைஞ்ச ஒரு தாயைக் கூடையில் போட்டா அந்த வரப்போட அடுத்த தலைமுறையையே சேர்த்துக் குழம்பு வைக்கிறோம்னு அர்த்தம். கடல் நண்டுக்காவது எங்கேயோ பொரிச்ச குஞ்சு அலையில் வந்து சேரும். வயல் நண்டுக்கு அப்படி எங்கிருந்தும் மிதந்து வராது.

இங்கே இன்னொரு விஷயம். நண்டுக்குஞ்சு தாய் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வெளியே வரும், குஞ்சு வந்தா தாய் செத்துடும்னு ஊர்ல சொல்லுவாங்க. பழைய பாட்டுகளிலும் இந்த நம்பிக்கை இருக்கு. மடியைத் திறந்து குஞ்சுங்க பொலபொலன்னு கொட்டுறதைத் தூரத்திலிருந்து பார்த்தா அப்படித்தான் தோணும். உண்மையில் தாய் சாகிறது இல்லை. "எப்படியும் சாகப் போறதுதானே"ன்னு குஞ்சு நண்டைக் கூடையில் போடுற ஆட்களை நான் பார்த்திருக்கேன். வளையில் கையை விட்டே வளர்ந்த அந்த அண்ணன் இந்தக் கதையைக் கேட்டா சிரிப்பார். "அது மடிடா தம்பி, வயிறு இல்ல"ன்னுவார்.

நிற்க.

வாய்ச்சொல் சட்டம் இருக்கட்டும், எழுதின சட்டம் என்ன சொல்லுதுன்னு எங்க மாவட்டத்தையே வச்சுப் பார்ப்போம்.

கடல்ல இருந்து ஆரம்பிக்கலாம். மரக்காணம் பக்கம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரை முழுசுக்கும் இதே கணக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச தடை.

அடுத்தது கழுவேலி. வானூர், மரக்காணம் தாலுக்காக்களில் பரந்து கிடக்கிற பெரிய நீர்ப்பரப்பு. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமா தமிழக அரசு அறிவிச்சது. சரணாலயத்துக்குள் உயிரினங்களைப் பிடிக்கிறதுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வார இறுதி ஜாலிக்குத் தூண்டிலோட போற இடம் இல்லை அது.

அப்புறம் ஏரி. 100 ஏக்கருக்கு மேலே ஆயக்கட்டு இருக்கிற ஏரிகள் முன்னே பொதுப்பணித்துறையிடம் இருந்தது, இப்போ நீர்வளத்துறை. அதுக்குக் குறைவா இருக்கிறது ஊராட்சி ஒன்றியத்துக்கிட்ட. மீன்பாசி குத்தகைன்னு ஏலம் விடுவாங்க. எங்க ஊர்ல பசலிக் கணக்கு, ஜூலையிலிருந்து ஜூன் வரைக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்ப்பார், காவலுக்கு ஆள் போடுவார். தூண்டில் பசங்களைக் கண்டுக்காம விடுற குத்தகைக்காரரும் உண்டு, செருப்பைப் பிடுங்கி வச்சுக்கிற காவல்காரரும் உண்டு. பணம் கட்டினவர் பார்க்கத்தானே செய்வார். தெற்கே மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் மீன்பிடித் திருவிழான்னு நடத்துவாங்க. ஊர்ப் பெரியவர் துண்டை வீசுற வரைக்கும் கரையில் ஆயிரம் பேர் நின்னாலும் ஒருத்தரும் தண்ணியில் கால் வைக்க மாட்டாங்க. அதுவும் எழுதாத சட்டம்தான்.

எல்லாத்துக்கும் பெரியண்ணன் 1897ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய மீன்பிடிச் சட்டம். சின்னச் சட்டம்தான். வெடி போட்டுப் பிடிக்காதே, தண்ணியில் விஷமோ சுண்ணாம்போ கலந்து கொல்லாதே. மீறினா ரெண்டு மாசம் வரைக்கும் ஜெயில் அல்லது 200 ரூபாய் வரைக்கும் அபராதம்னு அப்போ எழுதினாங்க. அந்தக் காலத்து 200 ரூபாய் ஒரு குடும்பத்தைக் கவுத்துடும். குறிப்பிட்ட நீர்நிலையில் ரெண்டு வருஷம் வரைக்கும் மீன்பிடியையே நிறுத்தி வைக்கிற விதி போடவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கு. இதில் எனக்குப் பிடிச்ச வரி எதுன்னா, மீன் என்றால் ஓடுள்ளவையும் சேர்த்திதான்னு அதில் விளக்கம் கொடுத்திருக்காங்க. அதாவது நம்ம கிழவனும் 1897லிருந்தே சட்டத்துக்குள்ள ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கார்.

ஆனா கழனிக்கு வந்தா? கழனி தனியார் சொத்து. குத்தகை கிடையாது, தடைக்காலம் கிடையாது, அளவு கிடையாது. வளையில் வைக்கிற விஷம் தண்ணியில் கலந்த விஷமா இல்லையான்னு ரெண்டு வக்கீல் ஒரு நாள் முழுக்க வாதாடலாம். நடைமுறையில் வயல் நண்டுக்கு இருந்த ஒரே சட்டம், புரட்டிப் பார்க்கிற கைதான். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்குது. குருணை மருந்துக்குக் கை கிடையாது.

இப்போ எங்க சித்தப்பா பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. (ஆஸ்திரேலியாக்காரனோட அப்பா. ரெண்டேகால் ஏக்கர், சம்பா.)

"உனக்கு நண்டு பொழுதுபோக்குடா. எனக்கு வரப்புல ஓட்டை. சாயங்காலம் தண்ணி கட்டிட்டுப் படுத்தா விடியறதுக்குள்ள பாதி பக்கத்துக் கழனிக்குப் போயிடுது. நட்ட நாத்தைக் கத்தரி வச்ச மாதிரி அடியில வெட்டிப் போட்டுடுது. புரட்டிப் பாரு, திருப்பிப் பாருன்னா, கடனை எவன் பாக்கறது?"

அவர் சொல்றது பொய் இல்லை. இளம் நாத்துக்கு நண்டு எதிரிதான், வரப்புக்கும் எதிரிதான். ஆனா இந்தச் சண்டை புதுசும் இல்லை. முன்னே என்ன பண்ணாங்க? நடவுக்கு முன்னாடி அண்டை வெட்டி, வரப்புக்குச் சேறு பூசுவாங்க. வளை எல்லாம் அதிலேயே அடைஞ்சுடும். அப்புறம் இருளர் வீட்டு ஆளுங்க கம்பியோட வருவாங்க. நண்டு அவங்களுக்கு, அடைச்ச வரப்பு நமக்கு. எலி வளைக்கும் இதே ஏற்பாடுதான். எலி தோண்டிச் சேர்த்து வச்சிருந்த நெல்லும் அவங்களுக்கே. யாரும் யாருக்கும் காசு கொடுக்கலை, ரெண்டு பக்கமும் லாபம்.

இப்போ அண்டை வெட்ட ஆள் கிடைக்கிறது இல்லை. கிடைச்சாலும் அந்தக் கூலிக்கு சித்தப்பாவுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பாக்கெட் குருணை மருந்தைச் சோத்தில் பிசைஞ்சு வளைக்கு ஒரு உருண்டை வச்சா ஒரு மணி நேரத்தில் வேலை முடிஞ்சுது. மறுநாள் காலையில் வரப்பு மேலே எல்லாம் மல்லாந்து கிடக்கும். ஆணும் கிடக்கும், பொண்ணும் கிடக்கும், மடியோட குஞ்சும் கிடக்கும். அதைக் கொத்தின கொக்கும் ரெண்டு கழனி தள்ளிக் கிடக்கும்.

கொக்கோட முடிஞ்சா பரவாயில்லை. ஒரு தடவை ஊருக்குப் போனப்போ, "என்னண்ணே, கம்பியைக் கையிலேயே காணோம்?"னு கேட்டேன். அதுக்கு அந்த அண்ணன் சொன்னது:

"எந்தக் கழனியில மருந்து வச்சிருக்காங்க, எதுல வைக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி? பேரப் புள்ளைங்களுக்குப் பொங்கிப் போடற சோறு இது. பயந்துக்கினு விட்டுட்டேன்."

யோசிச்சுப் பாருங்க. அவரை யாரும் தடுக்கலை, சட்டம் தடுக்கலை, குத்தகைக்காரர் தடுக்கலை. ஆனா அவர் காலம் காலமா சாப்பிட்ட சாப்பாடு, ஒரு அறிவிப்புப் பலகைகூட இல்லாம, அவர் தட்டிலிருந்து போயிடுச்சு. அவரோட சேர்ந்து புரட்டிப் பார்க்கிற பழக்கமும் போச்சு. அவர் பசங்க செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு வளையைப் படிக்கத் தெரியாது.

இருளர் கைப்பழக்கத்தையும் சட்டத்தையும் ஒண்ணா உட்கார வைக்க முடியும்னு காட்டின இடம் ஒண்ணு நம்ம மாநிலத்திலேயே இருக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. 1972 வன உயிரினச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்ததும் பாம்பு பிடிச்சு வாழ்ந்த இருளர்களுக்குப் பொழப்பு போச்சு. 1978ல் அவங்களுக்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அரசு அனுமதிக்கிற எண்ணிக்கைக்குள் பாம்பு பிடிப்பாங்க, விஷம் எடுப்பாங்க, பாம்போட வயித்துச் செதிலில் அடையாளம் வச்சுத் திரும்பக் காட்டிலேயே விட்டுடுவாங்க. அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி மாட்டினா எடுக்க மாட்டாங்க. அங்கேயும் புரட்டி வயித்தைப் பார்க்கிறதுதான் விதி, கவனிச்சீங்களா? அந்த விஷம்தான் பாம்புக்கடி மருந்தாகி ஆஸ்பத்திரிக்குப் போகுது. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நண்டுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் வேணாம். ஒரு ஊர் வரப்பு அளவுக்கு இருந்தா போதும்.

அப்படி ஒரு வரப்பு அளவு ஏற்பாடு எங்க சித்தப்பா கழனியிலேயே நடந்தது. நடத்தி வச்சது புயல்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேலே மழை. எங்க ஊர்ல கழனி எது, வாய்க்கால் எது, ரோடு எதுன்னு தெரியலை. தண்ணி மூழ்கடிச்ச வளைகளை விட்டு நண்டெல்லாம் மேடு தேடித் தெருவில் ஊர்ந்துச்சு. தண்ணி வடிஞ்சப்போ சித்தப்பாவோட வரப்பு பாதி காணோம். "எல்லாம் நண்டு வளை பண்ண வேலை"ன்னார். 50 சென்டிமீட்டர் மழைக்கு நண்டு என்ன சித்தப்பா பண்ணும்னு கேட்டேன். முறைச்சார்.

வரப்பை அடியிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்த அண்ணனோட ரெண்டாவது பையனும் அவன் வீட்டுக்காரம்மாவும் சூளை வேலை இல்லாத நேரம், ஊரில் இருந்தாங்க. ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே பேசி முடிச்சுது. கூலி கொடுத்து வரப்பு கட்டுறது. அதுக்கப்புறம் நடவுக்கு முன்னாடி ஒரு தடவை, நட்டு இருபது நாள் கழிச்சு ஒரு தடவை வந்து வளை பார்க்கிறது. நண்டு அவங்களுது. எடுத்த வளையைச் சேறு வச்சு அடைக்கணும். மடி நிறைஞ்சதை வரப்பில் விடாம, தள்ளி ஓடைக்கரையில் கொண்டுபோய் விடணும். பதிலுக்கு சித்தப்பா குருணை வைக்கக் கூடாது. வச்சா முன்கூட்டியே சொல்லணும்.

கடைசி நிபந்தனையைக் கேட்டது அந்தப் பெண். "சொல்லிட்டு வைங்க பெரியப்பா, அது போதும்"ன்னுச்சு. எனக்கு இன்னமும் காதிலேயே இருக்கு. மத்த எந்த விதியைவிடவும் அதுதான் முதல் விதியா இருக்கணும்னு தோணுது.

எப்படிப் போச்சுன்னு கேட்பீங்க. அடுத்த சம்பாவில் மூணு இடத்தில் தண்ணி கசிஞ்சுது. ஒரு மூலையில் நாத்து போய், திரும்ப நட வேண்டியிருந்தது. சித்தப்பா முணுமுணுத்தார். ஆனா மருந்துக் கடைக்குப் போகலை. பக்கத்துக் கழனிக்காரர் வழக்கம்போல வச்சார், ஆனா வச்சதைக் கூப்பிட்டுச் சொன்னார். இதுவே எங்க ஊருக்குப் பெரிய விஷயம். அந்த அண்ணனுக்கு வயசாகிடுச்சு, குனிய முடியலை. வரப்பு மேலே உட்கார்ந்துக்கிட்டு மகனுக்கு வளை காட்டினார்.

நடுவில் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை. "அவன் போட்டோல காமிச்சானே, அந்த ஆஸ்திரேலியா நண்டு, அதைக் கொண்டாந்து நம்ம ஏரியில விட்டா நல்ல வெலைக்குப் போகும்ல?" அய்யோ, வேணவே வேணாம். ஸ்பெயினில் இப்படித்தான் 1974ல் குவாதல்கிவீர் ஆத்து முகத்துவாரத்து நெல் வயல்களில் அமெரிக்காவின் சிவப்பு கிரேஃபிஷைக் கொண்டாந்து விட்டாங்க. வியாபாரம் நடந்தது உண்மைதான். கூடவே வரப்பைத் துளைச்சு, நாத்தைத் தின்னு, நாடு பூராப் பரவிடுச்சு. நம்ம வயல் நண்டைப் பத்திப் புலம்புற அதே புலம்பல்தான், பத்து மடங்கு. இன்னொண்ணு இருக்கு, மார்பிள் கிரேஃபிஷ். 1990களில் ஜெர்மனியில் மீன் தொட்டி வளர்க்கிறவங்ககிட்ட முதல்ல தெரிய வந்தது. எல்லாமே பொண்ணு, ஆணே தேவையில்லை, ஒண்ணே ஒண்ணு இருந்தா தானே குஞ்சு பொரிக்கும். மடகாஸ்கரில் அது புகுந்து வயல், ஆறுன்னு எங்கேயும் பரவிடுச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

நம்ம ஊர் அலங்கார மீன் கடைகளிலும் நீலம், சிவப்புன்னு கிரேஃபிஷ் விற்கிறாங்க. பசங்க கேட்டாங்கன்னு வாங்குவோம், மத்த மீனை எல்லாம் தின்னுடும், "பாவம், உயிரோட இருக்கட்டும்"னு ஏரியில் விட்டுடுவோம். அந்தப் பாவம் பார்க்கிறதுதான் ஏரிக்குப் பெரிய பாவம். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டாந்த ஜிலேபிக் கெண்டை இன்னைக்கு எந்த ஏரியில் இல்லை சொல்லுங்க? உளுவையும் அயிரையும் எங்க ஏரியில் பார்த்து எவ்வளவு நாளாச்சு?

சரி, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போறவங்களுக்காக, எங்க வீட்டுக்கு நாங்களே போட்டு வச்சிருக்கிற சட்டம் இதோ. காப்பிரைட் கிடையாது, எடுத்துக்கலாம்.

1. யார் கழனி, மருந்து வச்சிருக்காங்களா, எப்போ வச்சாங்க? கேட்காம வரப்பில் கால் வைக்கக் கூடாது. பதில் தெளிவா வரலைன்னா அன்னைக்கு நண்டு கிடையாது, கடலை மிட்டாய்தான்.

2. ஏரின்னா குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை. சரணாலயம்னா பைனாகுலர் மட்டும்.

3. ஒவ்வொரு நண்டையும் புரட்டணும். மடியில் முட்டையோ குஞ்சோ இருந்தா, வரப்பை விட்டுத் தள்ளி ஈரக்கரையில் விடணும்.

4. உள்ளங்கையில் பாதிக்கும் சின்னதா இருந்தா விடணும். ஒரு வரப்பில் பார்த்ததிலேயே பெரிய பொண்ணு எதுவோ அதையும் விடணும். (இது ஆஸ்திரேலியாவிலிருந்து திருடினது.)

5. தலைக்கு நாலு. ரசத்துக்கு அது போதும்.

6. எடுத்த வளையை அடைக்காம வரக் கூடாது. சித்தப்பா பார்த்துக்கிட்டே இருப்பார்.

7. நண்டு பிடிச்சு வயித்தைக் கழுவுற வீடு பக்கத்தில் இருந்தா, அவங்க பார்த்து முடிச்ச வரப்பில்தான் நாம. நமக்கு விளையாட்டு, அவங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு.

ஏழாவது ஆயா சேர்த்தது. மத்ததையெல்லாம் பசங்க கேள்வி கேட்டாங்க, இதை மட்டும் யாரும் கேட்கலை.

உங்க பக்கம் எப்படி? தஞ்சாவூர், திருநெல்வேலி மக்கள், யாழ்ப்பாணத்துப் பதிவர்கள், உங்க வயல்ல நண்டு இன்னும் இருக்கா, குஞ்சு நண்டுக்கு அங்கே என்ன வழக்கம்? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. பேர் போடக் கூச்சமா இருந்தா அனானியா வந்தாலும் சரி.

டிஸ்கி: சொன்னபடி ரெண்டு வரி. நண்டைக் கழுவி ஓட்டோட இடிச்சு, சாறை வடிகட்டி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு நல்லாக் கொதிக்க விடுங்க. நல்லான்னா நிஜமாவே நல்லா. மணிப்பூர் பக்கம் சரியா வேகாத நன்னீர் நண்டால் நுரையீரலில் புழு புகுந்த நோய் பதிவாகியிருக்கு, அதனால அரைவேக்காட்டு வீரம் வேணாம்.